மீட்டர் அக்காவைச் சந்தேகித்தவன் பேசுகிறேன்

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டார உறுப்பினர் ஐயா அவர்களே, மின்சார அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் பொறியாளர் அவர்களே, நம் மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும், மறைந்த மீட்டர் அக்காவின் மகளே, நாற்காலி கிடைத்தும் கிடைக்காமலும் இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் நான்கு பிளாக் மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் தலைவர். தண்ணீர்த் தொட்டி வெடித்து மூன்று பிளாக் காய்ந்து கிடந்தபோது இதே கூடத்தில் அவசரக் கூட்டம் போட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இன்று சுவரோரம் நிற்கக்கூட இடமில்லை! இத்தனை பேருக்கும் மீட்டர் அக்காவைத் தெரியுமா? தெரிந்திருந்தால், மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்? நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிற நான் எங்கே இருந்தேன்?

அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் விசாரணை அதிகாரியாக இருந்தவன். கடை எரிந்துவிட்டது என்று அழுதுகொண்டு ஒருவர் வந்தால், கொளுத்தியது யார் என்று பார்ப்பது என் வேலை. கால் உடைந்துவிட்டது என்றால் எந்தக் கால் என்று இரண்டு தரம் கேட்பேன், இரண்டு தரமும் ஒரே காலைச் சொல்கிறாரா என்று பார்ப்பேன். என் மனைவி சொல்வாள், "உங்களுக்கு ஒருத்தர் வணக்கம் சொன்னாக்கூட, எதுக்குச் சொன்னாருன்னு ரெண்டு நாள் யோசிப்பீங்க" என்று. உண்மைதான். ஓய்வு பெற்றபின் அலுவலகத்தை விட்டு வந்தேன். சந்தேகம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அப்படிப்பட்டவன் கண்ணில் பட்டவர்தான் நம் மீட்டர் அக்கா.

முப்பத்தோரு ஆண்டுகள் வீடு வீடாக மின்சார ரீடிங் எடுத்தவர். வெயிலில் கறுத்த முகம். தோளில் ஒரு துணிப்பை, கையில் டார்ச். நான்காம் பிளாக் முதல் மாடியில் குடியிருந்தார். அவரை நான் முதன்முதலில் அறிந்தது ஒரு சண்டையில்.

நம் சங்கத்தின் பண்டிகைக் கால உதவித் திட்டம் உங்களுக்குத் தெரியும். நான் தொடங்கியது. நான் தொடங்கியது என்று நானே எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன்! பெரிய பண்டிகைகளுக்கு முந்தின நாள் பந்தல், ஒலிபெருக்கி, ஒரே நிறத்தில் நூறு பைகள். தனியாக வாழும் முதியவர்கள், வேலை இழந்தவர்கள், நோயாளிகள் எல்லோரும் வரிசையில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கான ஆலோசனைக் கூட்டத்தில், பத்து வருடத்துக்கு முன்னால், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

"தலைவரே, ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"இந்தப் பைய வாங்கிட்டுப் போறவங்க, பண்டிகை முடிஞ்சு அடுத்த வாரம் எங்க இருக்காங்க?"

"எங்க இருப்பாங்க? அவங்கவங்க வீட்டுலதான்."

"இருக்காங்கன்னு யாராவது போய்ப் பாத்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்றைக் குறித்துக்கொண்டேன். இந்தம்மாவுக்கு என் நாற்காலி மேல் கண்!

அவர் விடவில்லை. "முதல் பிளாக்ல கடிகாரம் ரிப்பேர் பண்ற பெரியவர் இருக்காரே, அவருக்குப் போன பண்டிகைக்கு மொத்தம் ஏழு போர்வை வந்திருக்கு. நம்ம சங்கம் ஒண்ணு, வங்கிக்காரங்க ஒண்ணு, கல்லூரிப் பிள்ளைங்க ஒண்ணு, இப்படியே ஏழு. அவரு என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'ஏழு போர்வை இருக்கு தாயி. மூக்குக் கண்ணாடி உடைஞ்சு மூணு மாசம் ஆச்சு' அப்படின்னாரு. கண்ணாடி இல்லாம கடிகாரக்காரர் எதைப் பாத்து ரிப்பேர் பண்ணுவாரு? ஏழு பேரு போர்வை குடுத்தீங்களே, ஒருத்தராவது அவரு மூஞ்சியப் பாத்திருந்தா, கண்ணாடி இல்லைன்னு தெரிஞ்சிருக்காதா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தை அவசரமாக முடித்துவிட்டேன். மறுவாரம் கடிகாரக்காரருக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. நான் வாங்கித் தரவில்லை. யார் அழைத்துப்போனார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை. விசாரணை அதிகாரிக்கே சில விஷயங்களை விசாரிக்க விருப்பம் இருக்காது.

அவையோரே! அன்றிலிருந்து நான் அந்தப் பெண்ணைக் கவனிக்கத் தொடங்கினேன்.

நம் ஒவ்வொரு பிளாக்கிலும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருக்கிறது. அதன் சுவர் முழுவதும் மீட்டர்கள். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சிவப்புப் புள்ளி. வீட்டில் மின்சாரம் அதிகம் ஓடினால் அந்தப் புள்ளி வேகமாக மினுக்கும், குறைவாக ஓடினால் எப்போதாவது மினுக்கும், ஓடாவிட்டால் சும்மா இருக்கும். தினமும் காலை வேலைக்குக் கிளம்பும் முன் இந்தப் பெண் நான்கு அறைகளுக்கும் போவதைப் பார்த்தேன். ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. தினமும் எதற்குப் போக வேண்டும்? ஒவ்வொரு மீட்டர் முன்னாலும் நின்று எதைப் பார்க்கிறார்? பிறகு ஏதோ ஒரு வீட்டுக்குப் போகிறார். கதவைத் தட்டுகிறார். உள்ளே போகிறார். பையோடு போகிறார், பையோடு வருகிறார். பையில் என்ன?

பதினேழு நாள் பின்தொடர்ந்தேன். சிரிக்காதீர்கள், கையில் காய்கறிக் கூடையோடு, மறைந்து மறைந்து பின்தொடர்ந்தேன். ஒரு முறை அவர் திரும்பிப் பார்த்து, "தலைவரே, காய்கறிக் கடை அந்தப் பக்கம்" என்றார்.

அந்த மாதம்தான் முதல் பிளாக்கில் திருட்டு நடந்தது. குடும்பம் வெளியூர் போயிருந்த நேரத்தில் பூட்டை உடைத்து உள்ளே போய்விட்டார்கள். எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது! எந்த வீட்டில் மின்சாரம் ஓடவில்லையோ அந்த வீட்டில் ஆள் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள மீட்டர் அறையைவிடச் சிறந்த இடம் எது? எவ்வளவு கச்சிதமான திட்டம்! எவ்வளவு திறமையான விசாரணை!

பொறியாளர் அவர்களே, உங்கள் அலுவலகத்தின் பழைய கோப்புகளில் ஒரு கடிதம் இருக்கும். தட்டச்சு செய்த கடிதம். உங்கள் பணியாளர் ஒருவர் பணி நேரத்துக்கு வெளியே மீட்டர் அறைகளில் நடமாடுகிறார், ஆளில்லாத வீடுகளைக் குறித்துக் கொடுக்கிறாரோ என்ற ஐயம் எழுகிறது, பொதுமக்கள் அச்சத்தில் இருக்கிறார்கள், உரிய நடவடிக்கை தேவை என்று எழுதிய கடிதம். கீழே கையெழுத்து இருக்காது. 'பொதுமக்களில் ஒருவன்' என்று மட்டும் இருக்கும்.

அந்தப் பொதுமக்களில் ஒருவன் நான்தான்.

சலசலப்பு கேட்கிறது. கேட்கட்டும். இந்த மைக்கை வாங்கிவிடலாமா என்று மேடையில் யோசிப்பதும் தெரிகிறது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

விசாரணைக்கு அவரை அழைத்தார்கள். மெமோ கொடுத்தார்கள். மூன்று மாதம் ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள். பணி நேரத்துக்கு வெளியே எந்த மீட்டர் அறைக்குள்ளும் கால் வைத்தால் வேலை போய்விடும் என்று எழுதி வாங்கினார்கள். கணவர் இல்லாமல் ஒரு மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அப்படி எழுதி வாங்கினார்கள். இந்தப் பக்கம் நான் சங்கத் தலைவர் என்ற முறையில் நான்கு அறைகளுக்கும் புதுப் பூட்டுப் போட்டேன். சாவி என்னிடம். அந்தப் பூட்டுகளை வாங்கி வந்த நாளில் எனக்கு எவ்வளவு பெருமை!

திருடியது யார் என்று நான்கு வாரத்தில் தெரிந்துவிட்டது. அந்த வீட்டுக்காரரின் சொந்த மைத்துனர். பாதி நாள் அந்த வீட்டிலேயே சாப்பிடுகிறவர். தெரிந்த பிறகு பூட்டைத் திறந்தேனா? அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கினேனா? இல்லை. மைத்துனர் திருடினார் என்பதால் மீட்டர்காரம்மா திருடமாட்டார் என்று ஆகிவிடுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சந்தேகத்துக்குப் பசி அடங்காது. ஒன்று பொய்த்துப்போனால் வேறொன்றைத் தேடிக்கொள்ளும்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாம் பிளாக் தரைத்தளத்தில் தையலம்மா இருக்கிறார். இங்கே பாதிப் பேரின் சட்டையை அவர் தைத்திருப்பார். தனி ஆள். காலை ஏழு மணிக்கு மின்சாரத் தையல் இயந்திரத்தை ஓடவிட்டால் மாலைவரை நிற்காது. அவருடைய சிவப்புப் புள்ளிதான் அந்த அறையிலேயே வேகமான புள்ளி என்று பிறகு அக்கா சொன்னார்.

பூட்டுப் போட்ட இரண்டாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தையலம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். இயந்திரம் நின்றுவிட்டது. புள்ளி அடங்கிவிட்டது. பூட்டிய அறைக்குள் அதைப் பார்ப்பதற்கு யாரும் இல்லை. கதவுக்கு வெளியே போனவர்கள், வந்தவர்கள், வணக்கம் சொல்லிக்கொண்டவர்கள், பண்டிகை நிதிக்குக் கூட்டம் போட்டவர்கள், நான், எல்லோரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போனோம். சனிக்கிழமை பகலில் கதவின் அடியில் தண்ணீர் கசிந்து வெளியே வந்தது. தண்ணீர் வீணாகிறது, குழாயை மூட வேண்டும் என்றுதான் கதவை உடைத்தோம்.

உயிர் இருந்தது. வலது கை போய்விட்டது.

மருத்துவர் அம்மா, அன்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "முதல் நாளே கொண்டுவந்திருந்தா கையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றீர்கள். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் மீட்டர் அக்கா நின்றார். வேலைக்குப் போகும் உடை. கண்கள் சிவந்திருந்தன.

"தலைவரே, மீட்டர் ரூம் சாவி ஒரு செட் வேணும்."

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"உங்கள உள்ள விடக்கூடாதுன்னு ஆபீஸ்ல எழுதி வாங்கியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்தில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ஆமா, எழுதி வாங்கியிருக்காங்க. வேலை போனா போகட்டும். குடுங்க."

கொடுத்தேன். இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில் கொடுத்தேன். இந்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இந்தச் சாவியை வைத்து என்னை ஏதோ செய்யப்போகிறார் என்று பயந்து கொடுத்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் பழிவாங்குவதற்காகக் காத்திருந்தேன். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்தவன் நான். அந்த ஒரு முகத்தில் மட்டும் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. இனி கேட்கவும் முடியாது.

பிறகு என் மனைவி இறந்துபோனாள்.

உங்களில் பலர் வந்தீர்கள். நன்றி. முதல் வாரம் என் வீட்டில் செருப்பு வைக்க இடமில்லை. "என்ன வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லாதவர் ஒருவர்கூட இல்லை. இரண்டாவது வாரம் நான்கு பேர். மூன்றாவது வாரம் ஒருவர், அவரும் வேறு வீடு என்று நினைத்துத் தவறி வந்தவர். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இறந்த வீட்டுக்கு நான் எத்தனை நாள் போயிருக்கிறேன்?

மூன்றாவது மாதம், பகல் பதினோரு மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"யாரு?"

"நாலாம் பிளாக். மீட்டர்."

"ரீடிங் போன வாரமே எடுத்தாச்சே."

"எடுத்தாச்சு. அதுலதான் ஒரு சந்தேகம்."

"என்ன, மீட்டர்ல கோளாறா?"

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"ஃபிரிட்ஜ் மட்டும்தான் ஓடுது தலைவரே. அடுப்பு ஓடல, ஃபேன் ஓடல, வெந்நீர் ஓடல. மூணு வாரமாப் பாக்கறேன். அந்த ஃபிரிட்ஜுக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க."

உள்ளே என் மனைவியின் கண் சொட்டு மருந்து மட்டும்தான் இருந்தது. அது கெட்டுப்போகக் கூடாதே என்று ஃபிரிட்ஜை ஓடவிட்டிருந்தேன்.

சங்கிலியை எடுத்தேன். அவர் உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். அந்தச் சின்னப் புட்டியைத் தொடவில்லை. கதவை மெதுவாக மூடினார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மின்சார அடுப்பைப் போட்டு, பையிலிருந்த பாலைக் காய்ச்சி, ரொட்டியோடு என் முன்னால் வைத்தார். நான் அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன். இவருக்கு என்னிடம் என்ன வேண்டும்?

கேட்டேவிட்டேன். "உங்களுக்கு என்ன வேணும்மா?"

"வேணும். சாப்பிட்டு முடிங்க, சொல்றேன்."

வந்துவிட்டது என்று நினைத்தேன். பழி வாங்கும் நேரம் வந்துவிட்டது! பாலைக் குடித்து முடித்தேன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். தையலம்மாவின் காப்பீட்டு விண்ணப்பம். இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது.

"மத்தவங்க விண்ணப்பத்த எப்படித் தள்ளுபடி பண்றதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்ப தள்ளுபடி ஆகாம எப்படி எழுதறதுன்னும் தெரிஞ்சிருக்கணுமே."

நிராகரிப்புக் கடிதத்தைப் படித்தேன். அந்தத் தமிழ் எனக்கு நன்றாகப் பழகிய தமிழ். நானே நூற்றுக்கணக்கில் எழுதியது. 'சம்பவம் உரிய காலத்தில் தெரிவிக்கப்படவில்லை என்பதால்' என்று இருந்தது. உரிய காலத்தில் தெரிவிக்கப்படவில்லை! விழுந்து கிடந்தவர் எப்படித் தெரிவிப்பார்? ஏன் தாமதமாயிற்று என்ற கேள்விக்கு எதிரே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டிருந்தார்கள். உண்மையை எழுத அந்த இடம் தாராளமாகப் போதும். நான் எழுதினேன், 'மூன்றாம் நாளே கண்டறியப்பட்டார்' என்று. ஏன் மூன்றாம் நாள் என்று எழுதவில்லை. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு காகிதம் வந்துகொண்டே இருந்தது. ஒருவருக்கு மருத்துவ அட்டை, ஒருவருக்கு வேலை நீக்க மேல்முறையீடு, பள்ளியில் சேர்க்க மறுத்த பிள்ளைக்கு ஒரு மனு. ஆறு வருடம்! எனக்குச் சாப்பாடு, தூக்கம், சண்டை போட ஒரு ஆள், எல்லாம் அந்தக் காகிதங்களோடு திரும்பி வந்தன. என்னால் அவருக்கு ஆன உதவி என்று இதைச் சொல்லலாமா? எனக்கு வேலை கொடுத்து என்னைப் பிழைக்கவைத்தார் என்பதுதான் சரி.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் நடையை நிறுத்தவில்லை. கடிகாரக்காரரின் மகனுக்கு ஒரு நாள் என் வீட்டிலிருந்துதான் போன் செய்தார். "தம்பி, உங்க அப்பாவுக்கு என்ன அனுப்பட்டும்னு கேக்காதீங்க. எப்ப வரீங்க, தேதி சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் பண்டிகைக்கு வருவதாகப் பதில். "பண்டிகைக்கு எல்லாரும் வருவாங்க. இடமே இருக்காது. இந்தப் புதன்கிழமை அவருக்கு யாரும் வரல. நீங்க வாங்க" என்றார். வந்தாரா? வந்தார்!

இவ்வளவு சொன்னேனே, இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நாம் எங்கே இருந்தோம்?

பண்டிகை வாரம். கீழே பந்தல், ஒலிபெருக்கி, நூறு பைகள். பந்தலிலிருந்து நாற்பது அடியில் அவர் வீடு. திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருக்கிறது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. போனை எடுத்துப் பேச மூச்சு போதவில்லை. நம் பாட்டுச் சத்தத்தில் யார் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. நான்கு நாள். அந்த நான்கு நாளும் நான் மீட்டர் அறைப் பக்கம் போகவில்லை. எதற்குப் போக வேண்டும், அக்கா பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன்! அக்காவின் மீட்டரை யார் பார்ப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான்காம் நாள் வெளியூரிலிருந்து மகள் வந்து தன் சாவியால் கதவைத் திறந்தார். மருத்துவமனையில் அக்கா ஒன்பது நாள் இருந்தார். பிறகு போய்விட்டார்.

மகள் வந்தபோது கதவின் கைப்பிடியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. நம் சங்கத்தின் பை. உள்ளே வாழ்த்து அட்டை, என் பெயரில் அச்சடித்தது. வரிசைக்கு வராதவர்களின் பையை வீட்டில் சேர்க்கும் நம் குழுவில் யாரோ ஒருவர் மாடி ஏறிப் போயிருக்கிறார். மணியை அடித்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. பையை மாட்டிவிட்டு, பட்டியலில் 'கொடுத்தாயிற்று' என்று குறி போட்டுவிட்டு இறங்கிவிட்டார். அது யார் என்று இரண்டு வாரமாக விசாரிக்கிறேன். பத்துப் பேர் குழுவில் பத்துப் பேரும் 'நான் இல்லை' என்கிறார்கள். அந்த ஒருவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். எனக்குத் தெரியும். ஆனால் இன்றோடு விசாரணையை நிறுத்திக்கொள்கிறேன். அவரைக் கண்டுபிடித்து நான் என்ன செய்ய? அந்தக் கதவு திறக்கும்வரை நிற்க வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேனா? நூறு பை, ஒரு மணி நேரத்தில் முடியுங்கள் என்றுதானே சொன்னேன்?

நேற்று தையலம்மாவின் வீட்டுக்குப் போனேன். இன்று மேடையில் சொல்வதை முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். கடிதம் எழுதியதைச் சொன்னேன். பூட்டுப் போட்டதைச் சொன்னேன். இடது கையால் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தவில்லை.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"மனசு கேக்கலம்மா."

"இத்தனை வருசமாக் கேட்டுச்சா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அந்த அக்கா உசுரோட இருக்கறப்ப, அவங்க முன்னாடி வந்து சொல்லியிருக்கணும். நாளைக்கு மேடையில பேசறதுக்கு இன்னைக்கு ஒத்திகை பாக்க வந்தீங்களா?"

முப்பது ஆண்டுகளில் நான் மற்றவர்களிடம் கேட்ட எந்தக் கேள்வியும் இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நானே என்னை நம்பவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அவர் என்னை மன்னிக்கவில்லை. இன்று அவர் இங்கே வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கூட்டத்தில் நான் சந்தேகப்படாத ஆள் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

மகளே, உங்களிடமும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீங்கள் எல்லோர் முன்னாலும் தலையசைக்க வேண்டி வரும். அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு உறுதிமொழி எடுப்பது வழக்கம். எல்லோரும் எழுந்து கையை உயர்த்துவோம். அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று முழங்குவோம். நான் அதைச் செய்யப்போவதில்லை. உயர்த்திய கைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, என் கை உட்பட. அதற்குப் பதிலாக, இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு நான்கு அறைகளையும் திறந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலத்தான் மினுக்கின. அக்காவுக்கு ஒரு பார்வையில் தெரிவது எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. மூன்றாம் பிளாக், மேல்மாடி. அந்தப் புள்ளி மட்டும் மினுக்குமா மினுக்காதா என்று யோசித்து யோசித்து மினுக்கியது. மாடி ஏறிப் போய்த் தட்டினேன். லாரி ஓட்டுநர் ஒருவரின் வீடு. அவர் லாரி ஓட்டத்துக்கு வெளியூர் போய் இருபது நாளாகிறது. கதவுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை அழும் சத்தம். அவர் மனைவியின் குரல்.

"யாரு?"

"சங்கத் தலைவர்மா."

காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"நீங்களும் குழந்தையும் நல்லா இருக்கீங்களான்னு பாக்க."

கதவு ஒரு சாண் திறந்தது. வாடிய முகம். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, படிக்கட்டில் எனக்குப் பின்னால் வேறு யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. என் கைகளைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"குழந்தைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது" என்றார், மெல்ல. மருத்துவர் அம்மாவைக் கூட்டி வந்தேன். மருந்து வாங்கி வந்தேன். பதினொன்றரைக்குக் குழந்தை தூங்கிவிட்டது. புறப்படும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்து கேட்டார்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"வருவேன்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவையோரே, நாளை புதன்கிழமை. நாள்காட்டியில் பார்த்துவிட்டேன், சிவப்பு எழுத்து ஒன்றும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு நான் அந்த மாடி ஏறுகிறேன். உங்களுக்கு நேரமிருந்தால் நீங்கள் வேறொரு மாடி ஏறுங்கள்.

வணக்கம்.